எக்ஸ்ஹோஸ்டா, எக்ஸ்ஆத்தா?
கிளிநொச்சியில் நான் பராமரிக்கும் கணினிக்கூடத்தில், ஒருவர் உள்நுழைந்த திரையில் வேறொரு பயனராக மாறி வரைகலைச் செயலியைத் திறந்தால், டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வரும். லினக்ஸில் திரையையும் விசைப்பலகையையும் கையாளும் நிரலான எக்ஸ் சேவையகம் அந்தப் புதியவரை ஏற்காததே காரணம். அவருக்கு அனுமதி கொடுக்க இரண்டு கட்டளைகள் உண்டு: எக்ஸ்ஹோஸ்ட் (xhost), எக்ஸ்ஆத் (xauth).

எக்ஸ்ஹோஸ்ட் கட்டளை ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் வெறும் கூட்டல் குறியை மட்டும் இட்டால், படலையைக் கழற்றி வைத்ததுபோல, இணையக்கூடிய எவரும் நம் விசையழுத்தங்களைக்கூடப் படிக்கலாம். ‘+si:localuser:’ என்பதன் பின் இடைவெளியின்றிப் பயனர் பெயரைச் சேர்த்தால், அந்த ஒருவருக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும்.

எக்ஸ்ஆத் வழியில், எக்ஸ் சேவையகம் கடவுச்சொல்போல ஏற்கும் 128 பிட் இரகசியக் குக்கியை மற்றப் பயனரின் அனுமதிக் கோப்பில் சேர்க்க வேண்டும். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) இருந்து அதைச் செய்து, கோப்பின் உரிமையை அந்தப் பயனருக்கு மாற்ற மறந்தால், பழைய பிழையே திரும்பும் (நான் ஒரு முற்பகலை இழந்தது இதில்தான்).

ஒரே கணினிக்குள் பெயர் குறித்த எக்ஸ்ஹோஸ்டே எனக்குப் போதும். மாங்குளத்திலிருந்து இணைபவருக்கு, பாதுகாப்பான தொலை இணைப்புக் கருவியான எஸ்எஸ்எச், -X தெரிவுடன் இயக்கினால், குக்கியைத் தானே கவனித்துக்கொள்ளும்.