பாக்கெட் வாட்ச்சில் வெட்டிய பெயர்: யாருடையது என்று எந்த வழியில் தேடுவது?

பழைய பாக்கெட் வாட்ச் ஒன்று கைக்கு வருகிறது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தேதி. யார் இந்த ஆள் என்று தேடக் கிளம்பும் பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது சீரியல் நம்பரிடம். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

சீரியல் நம்பர் வாட்ச்சின் வயதைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. அமெரிக்க வாட்ச் கம்பெனிகளான வால்தம், எல்ஜின் நம்பர்களை இணையத்தில் தட்டினால் மாடல், தேய்மானம் குறைக்க உள்ளே பதித்த கற்களின் எண்ணிக்கை, ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதெல்லாம் காசில்லாமல் வந்துவிடும். சுவிஸ் கம்பெனியான லாஞ்சின்ஸ் 1867 முதலான கையெழுத்துப் பேரேடுகளை வைத்திருக்கிறது. எந்த ஏஜென்டுக்கு எப்போது பில் போட்டார்கள் என்பது வரை அதில் உண்டு. இன்னொரு சுவிஸ் கம்பெனியான படேக் பிலிப் தரும் ஆவணச் சான்றில் விற்ற தேதி இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்காது. அதோடு தடம் நின்றுவிடும். போதாக்குறைக்கு, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உள்ளே ஓடும் மெஷினையும் அதன் வெளிக்கூடான கேஸையும் தனித்தனியாகத்தான் விற்றார்கள். நகைக்கடைக்காரர் சேர்த்துப் பூட்டித் தருவார். நம்பர் மெஷினில், பெயர் கேஸில். தங்கக் கேஸை உருக்கிவிட்டு மெஷினை வேறு கேஸில் மாட்டியதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொந்தக்காரர் என்று எப்படி நம்புவது?

இங்கிலாந்து வாட்ச் என்றால் கேஸில் குத்தியிருக்கும் ஹால்மார்க் இன்னும் கறாரானது. நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளிக்கு, சோதித்து முத்திரையிட்ட ஊருக்கும் குறி உண்டு: நங்கூரம் பர்மிங்காமுக்கு, வாளும் மூன்று கதிர்க்கட்டும் செஸ்டருக்கு. பக்கத்திலேயே ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஓர் எழுத்து. அதே எழுத்து சில பத்தாண்டுகளில் திரும்ப வரும் என்பதால் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதுவும் ஆளைக் காட்டாது. ஆனால் பெயர் வெட்டியவர் புளுகுகிறாரா என்று பிடித்துக் கொடுக்கும். வெளிநாட்டுக் கேஸுக்கு இறக்குமதி முத்திரை அங்கே 1907இல் கட்டாயமானது. அந்த முத்திரையோடு 1889 என்று அன்பளிப்புத் தேதி இருந்தால், விலை ஏற்ற யாரோ பின்னால் வெட்டியது என்றே சந்தேகப்படலாம்.

ஆளைப் பிடிக்கச் செய்தித்தாளுக்கு இணை இல்லை. நம்மூரில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல, விக்டோரியா காலத்தில் பதவி ஓய்வு, மாற்றல் என்று எதற்கெடுத்தாலும் வாட்ச்சில் வெட்டிக் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் வாட்ச் கொடுத்த கூட்டத்தை விலாவாரியாக எழுதின. யார் கையால் கொடுத்தார், யார் நன்றி சொன்னார் என்பதோடு, சில சமயம் வெட்டிய வாசகமே அச்சாகியிருக்கும். பழைய செய்தித்தாள்களைத் தேடிப் படிக்கும் இணையத் தளங்களில் ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்காவின் க்ரோனிக்ளிங் அமெரிக்கா மூன்றும் இலவசம்; பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவில் பெரும்பாலான பக்கங்களுக்குக் காசு கட்ட வேண்டும். ஜே. ஸ்மித் என்று தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள். ஊர்ப் பெயரோடு, வாட்ச் பரிசளிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் போட்டு, வெட்டிய தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தேடுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்திருக்கும் என்பதால் பெயரை மட்டும் நம்புவது வீண்.

மிச்சமிருப்பது ரிப்பேர்காரர்களின் கீறல். பின்மூடிக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசியால் கீறிய எண்கள் தெரியும். பெரும்பாலும் அந்தக் கடைக்கு மட்டுமே புரிந்த குறிகள், கடைப் பேரேடு போனதோடு அர்த்தமும் போய்விட்டது. இந்த வழியில் நான் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் ஆப்ரகாம் லிங்கனின் வாட்ச் இருக்கிறதே! 1861 ஏப்ரலில் அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஜோனதன் டில்லன், அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த ஃபோர்ட் சம்டர் கோட்டைத் தாக்குதல் சேதி கேட்டு, யாருக்கும் தெரியாமல் டயலுக்கு அடியில் நாலு வரி வெட்டினார். 1906இல் நியூயார்க் டைம்ஸிடம் அதைச் சொன்னார். அவர் வம்சத்தார் கேட்டதன்பேரில் 2009 மார்ச்சில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வாட்ச்சைத் திறந்தது. எழுத்து இருந்தது, ஆனால் டில்லன் வயதான காலத்தில் சொன்ன வாசகம் அதில் இல்லை. 1864இல் இன்னொரு ரிப்பேர்காரரும் தன் பெயரைக் கீறிவைத்திருந்தார். குடும்பக் கதையை நம்பித் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க வெள்ளி பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்ச எழுத்தும் போய்விடும். இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே போதும்.

டயலில் பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons), மெட்ராஸ் என்று இருந்தால் கடை மவுண்ட் ரோட்டில். ஆளும் சென்னை மாகாணத்துக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைக்காரப் பெயர் என்றால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையைப் பாருங்கள்; மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் அதில்தான் இருக்கின்றன. தமிழ்ப் பெயராக இருந்து அரசு உத்தியோகம் என்று தெரிந்தால் அங்கே நேரம் செலவழிக்காமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். அந்தக் கால சிவில் லிஸ்ட், அதாவது அரசு அதிகாரிகளின் பட்டியல்தான் முதலில் கேட்க வேண்டியது.