பாளையங்கோட்டையில் தம்பதியர் ஆலோசனை

லண்டனில் வசிக்கும் நானும் என் கணவரும் இம்முறை ஊருக்கு வந்திருந்தபோது, கோயில் கொடைக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் நடுவே கவுன்சிலிங்குக்கும் நேரம் ஒதுக்கினோம். மாமா, அதாவது என் மாமனார், காலமான பின் அத்தையை (மாமியாரை) யார் பார்த்துக்கொள்வது என்பதில் தொடங்கிய மனத்தாங்கல் எங்களுக்குள் வேறு பலவற்றையும் கிளறிவிட்டிருந்தது.

முதலில் சென்ற இடத்தில் அரை மணி நேரத்துக்குள் தீர்ப்பே வந்துவிட்டது. "புருஷனுக்காக ஒருபடி இறங்கிப் போனா என்னம்மா குறைஞ்சிரும்?" என்றார் அங்கிருந்தவர். இதைச் சொல்ல எங்கள் பெரியப்பாவே போதும். அவர் பணமும் கேட்கமாட்டார்.

இரண்டாவதாக, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் ஒரு பெண் ஆலோசகரிடம் சென்றோம். ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளாமல், வருபவரின் தேவைக்கேற்பப் பல முறைகளை இணைத்துக் கையாள்பவர். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்தியபடி குற்றம் காணாமல் கேட்பதும், மனநல மருத்துவர் ஆரோன் பெக் வழியில் மனத்தில் சட்டென எழும் எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று சோதிப்பதும், குடும்பம் முழுவதையும் ஒரே அமைப்பாகப் பார்ப்பதும் அவரிடம் கலந்திருந்தன. ஒரு தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்து, மாமாவின் சதுரத்தில் குறுக்குக்கோடு இட்டார். என் கணவருக்கும் அத்தைக்கும் இடையே நெருக்கத்தைக் காட்டும் பல கோடுகள் விழுந்தன, எனக்கும் அத்தைக்கும் இடையே ஒன்றும் விழவில்லை. என் கணவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரையும் சேர்த்துப் பார்த்த பிறகு தனித்தனியாகவும் பேசினார். தனியே சொல்வதில் எதை மற்றவரிடம் சொல்வார், எதைச் சொல்லமாட்டார் என்பதை முன்கூட்டியே தெளிவாக்கிவிட்டார். நம் ஊரில் இதுதான் முக்கியம். வரவேற்பில் இருந்த பெண் "எந்த ஊரு, யாரு வீடு?" என்று வழக்கம்போல் விசாரிக்கத் தொடங்கியதும் ஆலோசகரே எழுந்து வந்து அதை நிறுத்தினார். நெல்லையப்பர் கோயிலில் எதிர்ப்பட்டால், நாங்களாகப் பேசினாலன்றித் தாமாகப் பேசமாட்டேன் என்றும் சொன்னார். குறை என்னவென்றால், அறைகளைப் பிரிப்பது ஒட்டுப்பலகைத் தடுப்புதான். மின்விசிறியை வேகமாக வைத்தால்தான் பக்கத்து அறைப் பேச்சு காதில் விழாது.

செல்வோர் ஆலோசகரின் படிப்பையும் பயிற்சியையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுவது நல்லது. மருத்துவ உளவியலாளர் என்றால் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெறுமனே 'கவுன்சிலர்' என்னும் பலகையை மட்டும் நம்ப முடியாது, பிரிட்டனிலும் அந்தப் பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. வீட்டில் அடிதடி இருந்தால் கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது ஆபத்தாகலாம் என்பதால், அத்தகைய பெண்கள் முதலில் பெண்களுக்கான உதவி எண்ணான 181ஐ அழைக்கலாம். தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் போன்றவை இருந்தால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 2022இல் தொடங்கிய, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையில் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

விடுமுறை முடிவதற்குள் எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், அத்தையைப் பற்றிய பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடும் என் கணவர் இப்போது உட்கார்ந்து பதில் சொல்கிறார். மீதியைக் காணொளியில் தொடர்கிறோம். கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் ஊர் முந்தியிருப்பதால், எங்களுடைய சனிக்கிழமைக் காலை ஆலோசகருக்குப் பிற்பகலாக அமைகிறது; அவருக்கு அது வசதிதான், என் கணவரை எழுப்புவதுதான் பெரும்பாடு.