"வெயிட்டிங் இல்லாம சிடி ஸ்கேன்"னு 6,500 ரூபாய் வாங்கிட்டாங்க. நாகர்கோவில், குளச்சல் பக்கம் உள்ளவங்க கவனம்

எரிச்சல்ல எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. முந்தாநாள் போனது 6,500 ரூபாய். ஆப் பேர் போடல. ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாத்துக்கும் போன்லயே புக் பண்ணித் தர்ற வகை ஆப்.

கொரோனா ஊரடங்கு நேரம். குளச்சல்ல அம்மாவுக்கு ஆறாம் நாள் காய்ச்சல். ஆர்டிபிசிஆர்ங்கிற கொரோனா டெஸ்ட் ரிசல்ட் மூணு நாளா வரல. டாக்டர் நெஞ்சு சிடி எடுக்கச் சொன்னார். நாகர்கோவில்ல ரெண்டு சென்டர்ல கேட்டா ரெண்டுலயும் "நாளை மறுநாள்தான்". இந்த ஆப்ல மட்டும் "காத்திருப்பு இல்லை, 15 நிமிடத்துக்கு ஒரு ஸ்லாட்". புக் பண்ண உடனே ஒரு பையன் கூப்பிட்டான். "அம்மாவ மெதுவா கூட்டிட்டு வாங்கக்கா, 11:40க்கு உள்ள ஏத்திருவோம், அது நம்ம பொறுப்பாக்கும்." அசல் நம்ம ஊர்ப் பேச்சு. அதுல விழுந்தாச்சு.

பில்: ஸ்கேன் 4,000, ஃபாஸ்ட் ட்ராக் 1,900, கிரியாட்டினின் (சிறுநீரகம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கிற ரத்த டெஸ்ட்) 600. மொத்தம் 6,500. அந்தக் கடைசி 600 சுத்தப் பகல்கொள்ளை. கிரியாட்டினின் பார்க்கிறது சாய மருந்தை ஊசியில ஏத்தி எடுக்கிற சிடிக்கு. அந்தச் சாயம் சிறுநீரகம் வழியா வெளியேறணும்ங்கிறதால. கொரோனாவுக்கு எடுக்கிற நெஞ்சு சிடி மருந்து ஏத்தாத பிளெய்ன். ஊசியும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம், கிரியாட்டினினும் வேண்டாம்.

பெரிய பொய் அந்த 15 நிமிஷம். மூச்சைப் பிடிச்சுப் படம் எடுக்க 10 விநாடிதான். ஆளை மேசையில ஏத்தி இறக்க 10 நிமிஷம். நேரம் தின்கிறது அதுக்கு அப்புறம். மேசை, கேன்ட்ரி (ஆளைச் சுத்தி இருக்கிற வளைய மெஷின்), தலை வைக்கிற இடம் எல்லாம் துடைக்கணும். கேன்ட்ரியில பிளீச்சிங் கரைசல் ஊத்த முடியாது, உள்ள எலக்ட்ரானிக்ஸ். ஆல்கஹால் துணியால ஒத்தி எடுக்கணும். அப்புறம் காத்து. மணிக்கு 12 தடவை காத்து மாறுற அறைனா முன்னாடி வந்தவர் விட்ட மூச்சு 99 சதவீதம் போக 23 நிமிஷம். 6 தடவைதான்னா 46 நிமிஷம். ஸ்பிளிட் ஏசி அதே காத்தைத்தான் சுத்திச் சுத்தி விடும்; எக்ஸாஸ்ட் இல்லாத அறையில இந்தக் கணக்கே செல்லாது. ஒழுங்கா செய்யிற சென்டர் மணிக்கு ரெண்டு பேருக்கு மேல எடுக்க முடியாது. நாலு பேர்னு ஒருத்தன் விக்கிறான்னா, துடைக்காம எடுக்கிறான், இல்லைனா இல்லாத ஸ்லாட்டை விக்கிறான். இது ரெண்டாவது ரகம்.

11:20க்குப் போய் நின்னோம். ரிசப்ஷன்ல: "அங்கிருந்து எங்களுக்குப் பேர் மட்டுந்தான் வரும், நேரம் நாங்க குடுக்கல." டோக்கன் 31. உள்ள 17 ஓடுது. ஒண்ணு விட்டு ஒரு நாற்காலியில பெருக்கல் குறி ஒட்டி வச்சிருக்காங்க, அதுலயும் ஆள். 3:15 வரைக்கும் இருந்தோம். விரல்ல மாட்டின ஆக்சிமீட்டர்ல அம்மாவோட ஆக்சிஜன் அளவு 95ல இருந்து 93க்கு இறங்கினதும் நேரா ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. சிடி அங்கதான் எடுத்தாங்க. அரசு ஆஸ்பத்திரி சிடிக்கு வழக்கமான கட்டணமே 500 ரூபாய். நாங்க கட்டினது 6,500.

பணத்தைத் திருப்பிக் கேட்டா ஆப்காரங்க முதல்ல "48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க". அப்புறம் "சென்டர்ல கேளுங்க". சென்டர்ல "ஆப்ல கேளுங்க". நேத்து சாயங்காலம் புதுசா ஒண்ணு: "நீங்க வரலைன்னு சிஸ்டத்துல இருக்கு மேடம்." நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தவங்க வரலையாம்! விஷயம் என்னன்னா, ஆப்காரங்க அனுப்புற கோடு நம்பரை ரிசப்ஷன்ல 15 நிமிஷத்துக்குள்ள போடலைனா தானாவே 'நோ ஷோ', அதாவது ஆள் வரலைன்னு ஆயிரும். ரிசப்ஷன்ல இருக்கிறவங்களுக்கே அப்படி ஒரு கோடு நம்பர் இருக்கிறது தெரியல. அந்தப் பையன் நம்பர் இப்போ ஸ்விட்ச் ஆஃப்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். அவசரமா மட்டும்:

பணம் கட்டுறதுக்கு முன்ன சென்டருக்கே போன் போட்டு "இப்ப எந்த டோக்கன் ஓடுது, ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்"னு கேளுங்க. பில்லுல கிரியாட்டினின் இருந்தா எதுக்குன்னு கேளுங்க. போய்ச் சேர்ந்ததும் டோக்கன் பலகையை நேரத்தோட போட்டோ எடுங்க. நான் எடுத்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் மங்கல். ஆக்சிஜன் 94க்குக் கீழ போனா ஸ்கேன் கியூல நிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி ஆப்ல குறைதீர் அலுவலர் பேர் போட்டிருக்கணும், புகார் வந்துச்சுன்னு 48 மணி நேரத்துல பதில் தரணும், ஒரு மாசத்துல முடிச்சுத் தரணும். அந்த ஆப்ல பேரே இல்ல. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 6,500 ரூபாய் ரசீதை பிரிண்ட் எடுக்கணும், ஊரடங்குல ஜெராக்ஸ் கடை எது திறந்திருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.