டிம்ப்-1 எலிசா கிட்: அளவு சரி, வேலை?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆய்வகத்தில் தழும்புத் தோலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் (நார்த்திசுவை உருவாக்கும்) செல்களை வளர்க்கிறோம். பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பால் தீக்காயம் பட்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம். காயம் ஆறிய பிறகும் சிலருக்குத் தழும்பு ஏன் தடித்துக்கொண்டே போகிறது என்பதுதான் கேள்வி. தோலின் நார்ப் புரதமான கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி. என்சைம்களை அடக்கும் டிம்ப்-1 புரதத்தை இந்தச் செல்களே மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) சுரக்கின்றன. அதை அளக்க வாங்கியதுதான் இந்த எலிசா கிட்; ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து, ஏறும் நிறத்தை வைத்து அளக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 96 குழி பிளேட்டில் ஆன்டிபாடி ஏற்கெனவே பூசியிருக்கிறது. காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடிகிறது. நீல நிறம் ஏறி, அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். 450 நானோமீட்டரில் படிக்கலாம். ஒரே மாதிரியை மூன்று குழிகளில் விட்டாலும் அளவுகள் ஒட்டியே வருகின்றன. லோட்ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) நேர அட்டவணையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தவர்களுக்கு, ஒரே பகலில் முடிவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மீடியத்தை அப்படியே விடாதீர்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தாராளமாகச் சுரப்பதால் அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து வரையும் ஸ்டாண்டர்ட் கோட்டைத் தாண்டிவிடும். 50 மடங்கு, 100 மடங்கு நீர்த்துப் பாருங்கள். செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் மாட்டுச் சீரத்திலேயே என்சைம் தடுப்பான்கள் உண்டு. அதனால் செல்களை நன்றாகக் கழுவி, சீரம் இல்லாத மீடியத்தில் 24 மணி நேரம் வைத்துத்தான் சேகரிக்க வேண்டும். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குக் கையேட்டில் ஒற்றை வரிதான். பெட்டி வந்தபோது ஐஸ் பேக்கும் பாதி உருகியிருந்தது.

என் பெரிய குறை வேறு. டிம்ப்-1 ஒரு எம்.எம்.பி. மூலக்கூறை ஒன்றுக்கு ஒன்று என்று பிடித்துக்கொள்ளும். பிடித்து முடித்ததையும் இன்னும் சும்மா இருப்பதையும் இந்தக் கிட் சேர்த்தே எண்ணுகிறது; இன்னும் எவ்வளவு எம்.எம்.பி.யை அடக்க முடியும் என்று சொல்லாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டிம்ப்-2 இதன் கண்ணில் படுவதே இல்லை. டிம்ப்-3 செல்லைச் சுற்றியுள்ள மேட்ரிக்ஸில் ஒட்டிக்கொள்வதால் பெரும்பாலும் மீடியத்துக்கே வராது.

அதனால் கூடவே, தடுப்பான்களை ஜெல்லில் கோடுகளாகக் காட்டும் ரிவர்ஸ் சைமோகிராஃபியும் செய்கிறோம். ஜெலட்டினும் அதை வெட்டும் என்சைமும் கலந்த ஜெல்லில் மாதிரியைக் கொதிக்க வைக்காமல் ஓட்டி, ஓட்டும்போது சேர்த்த எஸ்.டி.எஸ். என்ற சோப்பை டிரைட்டன் என்ற மென்மையான சோப்பால் கழுவி, 37 டிகிரியில் இரவு முழுக்க விட வேண்டும். புரதத்தை நீலமாக்கும் கூமாசி சாயம் போட்டால் ஜெல் முழுக்க வெளிறிக் கிடக்க, தடுப்பான் காத்து நின்ற இடம் மட்டும் கருநீலக் கோடாகத் தெரியும்: 28 கிலோடால்டன் (மூலக்கூறு எடை) அருகே டிம்ப்-1, 21 அருகே டிம்ப்-2. எங்களோடு வேலை செய்யும் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிப் பெண் முதன்முறை அதைப் பார்த்து, "அக்கா, ரெண்டு இருக்கு!" என்றாள். ஆனால் எஸ்.டி.எஸ். பிணைப்பைப் பிரித்துவிடுவதால் இதிலும் சும்மா இருக்கும் டிம்ப் மட்டும் எவ்வளவு என்று தெரியாது. அதற்கு, அளவு தெரிந்த எம்.எம்.பி.யோடு மீடியத்தைச் சேர்த்து, வெட்டினால் ஒளிரும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) எவ்வளவு மெதுவாக வெட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

அளவு மட்டும் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். தழும்பைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், பெப்டைடுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.