புல்லா, செயற்கைத் தரையா? இளையோர் திடலை எப்படி அமைப்பது, யாரிடம் ஒப்படைப்பது

ஒரு பொதுப் பூங்காவையும் அதையொட்டிய இளையோர் விளையாட்டுத் திடலையும் சீரமைக்கப் பணம் ஒதுக்கப்பட்டுவிட்டால், கூட்டங்களில் முதலில் எழுவது தரையைப் பற்றிய வாதம்தான். இயற்கைப் புல்லைச் சீர்செய்வதா, செயற்கைப் புல் விரிப்பதா என்று இரண்டு தரப்புகள் உருவாகிவிடுகின்றன; திறப்பு விழாவுக்குப் பிறகு திடலை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி கடைசிக்குத் தள்ளப்படுகிறது. இந்த வரிசை மாற வேண்டும். யார், எந்த நிதியில், எத்தனை ஆண்டுகளுக்குப் பராமரிப்பார் என்பது முடிவானால்தான் எந்தத் தரை என்பதற்குச் சரியான விடை கிடைக்கும். ஆயினும் தரைகளின் இயல்பு தெரியாமல் பராமரிப்பைப் பற்றிப் பேச இயலாது என்பதால், ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செயற்கைப் புல்

செயற்கைப் புல் தோன்றிய வரலாறே அதற்குரிய இடம் எது என்பதைக் காட்டிவிடுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் என்னும் கூரையிட்ட அரங்கில் முதலில் இயற்கைப் புல்தான் வளர்க்கப்பட்டது. ஒளி ஊடுருவும் கூரையால் கண் கூசி, உயரே எழும் பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் போகவே, கூரைத் தகடுகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்ததும் புல் பட்டுப்போயிற்று. 1966-இல் அங்கே விரிக்கப்பட்ட செயற்கைத் தரைதான் ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரில் புகழ்பெற்றது. புல் வாழ முடியாத இடத்துக்கு மாற்றாக வந்த பொருள், புல் நன்றாக வளரக்கூடிய இடங்களிலும் இன்று முதல் தெரிவாக முன்வைக்கப்படுகிறது.

அதன் வலிமை ஆடும் நேரத்தில் இருக்கிறது. புல்லைப் போல அதற்கு ஓய்வு தேவையில்லை என்பதால், மின்விளக்கும் இருந்தால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேலும் ஆடலாம். மழை ஓய்ந்த சிறிது நேரத்தில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். திடல்கள் குறைவாகவும் ஆட வரும் பிள்ளைகள் மிகுதியாகவும் உள்ள பகுதியில் இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஒரே மாலையில் மூன்று, நான்கு குழுக்கள் அடுத்தடுத்துப் பயிற்சி பெற வேண்டிய நிலையில் எந்தப் புல்லும் நீண்ட காலம் தாக்குப்பிடிக்காது.

ஆனால் ‘பராமரிப்பே தேவையில்லை’ என்று விற்பனையாளர்கள் சொல்வதை ஏற்கக் கூடாது. இப்போது பரவலாக விரிக்கப்படும் மூன்றாம் தலைமுறைத் தரையில், சுமார் 40 முதல் 65 மில்லிமீட்டர் உயரமுள்ள நெகிழி இழைகளுக்கிடையே மணலும் ரப்பர் துகளும் நிரப்பப்படுகின்றன. இழை நிமிர்ந்து நிற்பதும், கீழே விழும் பிள்ளைக்கு அடி குறைவதும் பெரிதும் இந்த நிரப்பினால்தான். பராமரிப்பு விட்டுப்போன திடல் ஒன்றில் பெனால்டி புள்ளிக்கு அருகே குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தால் உண்மை தெரியும்: துகள்கள் காலடியில் சிதறி ஓரங்களில் குவிந்திருக்க, நடுவில் இழைகள் படுத்து, அடித்துணி விரலுக்குத் தட்டுப்படும். நிரப்பைத் தவறாமல் தூரிகையிட்டுப் பரப்புவதும், குறைந்த இடத்தில் மீண்டும் இடுவதும், தரையின் கடினத்தைக் கருவி கொண்டு சோதிப்பதும் விடாமல் செய்ய வேண்டிய வேலைகள். ஃபிஃபாவின் தரச் சான்றே நிரந்தரமானதன்று. ‘குவாலிட்டி’ நிலைச் சான்று மூன்று ஆண்டுகளுக்கும், ‘குவாலிட்டி ப்ரோ’ நிலைச் சான்று ஓர் ஆண்டுக்கும்தான் செல்லும், அதன் பிறகு திடலை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய செலவு தள்ளி நிற்கிறது. விரிப்பின் ஆயுள் பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள். அதன்பின் முழுவதையும் பெயர்த்தெடுத்துப் புதிதாக விரிக்க வேண்டும். ஒரு முழு அளவுக் கால்பந்துத் திடலின் பரப்பு 105-க்கு 68 மீட்டர் என்று கொண்டால், 7,140 சதுர மீட்டர் நெகிழியையும் அதனுள் இருக்கும் பல டன் நிரப்பையும் அப்புறப்படுத்துவதற்கான வழியைத் தொடக்கத்திலேயே யோசித்திருக்க வேண்டும். ரப்பர் துகள்கள் மழைநீரிலும் காலணிகளிலும் வெளியேறுவது இன்று சட்டப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நுண்நெகிழிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, விளையாட்டுத் தரைகளுக்கான (ரப்பர் துகளும் உட்பட்ட) நெகிழித் துகள் நிரப்பின் விற்பனையை நிறுத்த எட்டு ஆண்டு அவகாசம் தந்தது. அது 2031-இல் முடிகிறது. தக்கை, தேங்காய் நார் போன்ற மாற்று நிரப்புகள் உண்டு. எனினும் தக்கை பெருமழையில் மிதந்து ஓடக்கூடியது. நாரை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

சிறுவர் திடல் என்னும்போது வெப்பமே எனக்கு முதன்மையான தயக்கம். புல் தன் இலைவழியே நீரை ஆவியாக்கித் தன்னையும் சுற்றுக்காற்றையும் குளிர்விக்கிறது. நெகிழிக்கு அந்த ஆற்றல் இல்லை. கடும் வெயிலில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டுவது பல அளவீடுகளில் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் தெளித்தால் வெப்பம் தணியும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தணிவு நெடுநேரம் நிற்பதில்லை. உயரம் குறைந்த பிள்ளைகள் தரைக்கு நெருக்கமாகவே மூச்சு வாங்குகிறார்கள், அடிக்கடி விழவும் செய்கிறார்கள். கோடை நீளமாக உள்ள இடங்களில் பகல் நேரத்தின் ஒரு பகுதியை மூடித்தான் வைக்க வேண்டும் என்றால், கூடுதலாகக் கிடைப்பதாகக் கணக்கிட்ட மணிநேரங்களில் அதைக் கழித்தே ஆக வேண்டும்.

இயற்கைப் புல்

புல் திடல் கெட்டுப்போவதற்குப் புல்லைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் குற்றம் மண்ணில் இருக்கிறது. ஈரத்தில் ஓடும் கால்கள் மண்ணை இறுக்குகின்றன, இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்குவதில்லை, வேர் மேலேயே நின்றுவிடுகிறது, பிறகு ஒரு வாரப் பயிற்சியே புல்லைப் பறித்தெடுக்கப் போதுமானதாகிவிடுகிறது. நீண்ட திருப்புளி ஒன்றைக் கையால் மண்ணில் அழுத்திப் பார்ப்பது எவரும் செய்யக்கூடிய சோதனை. ஈரப்பதம் அளவாக உள்ள நாளில் அது தடையின்றி இறங்கினால் மண் நலமாக இருக்கிறது. இரண்டு விரற்கடை ஆழத்திலேயே நின்றுவிட்டால், உரமும் விதையும் வாங்குவதற்கு முன் மண்ணைத் துளையிட்டு இளக்க வேண்டும்.

வகைத் தேர்வு தட்பவெப்பத்தைப் பொறுத்தது. வெப்பப் பகுதித் திடல்களில் பெர்முடா புல் என்று வழங்கப்படுவது நாம் அறிந்த அருகம்புல்லும் அதன் கலப்பினங்களுமே. மண்ணுக்கு மேலும் கீழும் ஓடும் தண்டுகளால் அது காயம்பட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்கிறது. குளிர்ப் பகுதிகளில் பயன்படும் ரை புல் தூறாக வளர்வது; தானாகப் படர்ந்து இடைவெளியை நிரப்பாது, ஆனால் விதைத்தால் விரைவில் முளைத்துவிடும். ஆகவே அங்கே மேல்விதைப்பு, அதாவது இருக்கும் புல்லின் மேலேயே மீண்டும் விதை தூவுவது, ஆண்டுதோறும் செய்யும் பணியாகிறது. வெட்டும்போது ஒரே தடவையில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது என்ற விதி இரண்டுக்கும் பொருந்தும்.

வடிகாலில் மிச்சம் பிடிப்பது பெருந்தவறு. இயல்பான மண்ணில் அமைந்த திடலின் நடுப்பகுதியை உயர்த்தி, இரு பக்கமும் சுமார் 1 முதல் 1.5 விழுக்காடு சரிவு கொடுப்பது வழக்கம். 68 மீட்டர் அகலத் திடலில் 1 விழுக்காடு என்றால் நடுக்கோடு ஓரத்தைவிட 34 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். இந்தச் சரிவு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை, ஆனால் மழைக்குப் பிறகு திடல் எப்போது மீண்டும் ஆடத் தகுதியாகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இதுவே.

புல் எவ்வளவு ஆட்டத்தைத் தாங்கும்? இங்கிலாந்தில் திடல் தேவையைக் கணக்கிடப் பயன்படும் வழிகாட்டுதல், இளையோர் கால்பந்துக்கான நல்ல நிலைத் திடல் வாரத்துக்கு 4 ஆட்டங்களையும், நடுத்தர நிலைத் திடல் 2 ஆட்டங்களையும், மோசமான திடல் 1 ஆட்டத்தையும் தாங்கும் என்று கொள்கிறது. இந்த எண்கள் சிறியவை என்பதைவிட, அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியே கவனிக்க வேண்டியது. மோசமான திடலை நல்ல திடலாக மாற்றினால் அதே நிலத்தில் நான்கு மடங்கு ஆட்டம் கிடைக்கிறது. ‘புல் தாங்கவில்லை, ஆகவே செயற்கைத் தரை வேண்டும்’ என்று சொல்லும் பலர் ஒப்பிடுவது, கைவிடப்பட்ட புல்லையும் புத்தம்புதிய செயற்கைத் தரையையும்தான். அது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

பணமே செலவாகாத வழியும் உண்டு. தேய்மானம் கோல் கம்பங்களுக்கு முன்னால்தான் குவிகிறது. எழுவர் ஆடும் சிறு திடல்களைப் பெரிய திடலின் குறுக்கே கோடிட்டு, நகர்த்தக்கூடிய கம்பங்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் தேய்மானம் முழுப் பரப்புக்கும் பகிரப்படுகிறது. அத்தகைய கம்பங்களைத் தரையோடு உறுதியாகப் பிணைத்தே ஆக வேண்டும்; சாய்ந்த கம்பத்தால் பிள்ளைகள் உயிரிழந்த நிகழ்வுகள் உண்டு.

யாரிடம் ஒப்படைப்பது

உள்ளாட்சி அமைப்பே நேரடியாக நடத்தினால் திடல் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஆனால் நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படும் தலைப்புகளில் பூங்காப் பராமரிப்பும் ஒன்று. ஒப்பந்ததாரரிடம் விட்டால் வேலை நடக்கும், எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும். மாதத்துக்கு இத்தனை முறை வெட்ட வேண்டும் என்று எழுதினால் வளராத புல்லையும் வெட்டுவார்கள். புல்லடர்த்தி இவ்வளவு இருக்க வேண்டும், நீர் இத்தனை மணி நேரத்தில் வடிய வேண்டும் என்று எழுதினால்தான் பயன் உண்டு.

விளையாட்டுக் கழகத்துக்குக் குத்தகைக்கு விடுவதில் அக்கறை கிடைக்கிறது. தாங்கள் ஆடும் தரை என்பதால் விடியலிலேயே வந்து தண்ணீர் பாய்ச்சும் பெற்றோரையும் பயிற்சியாளர்களையும் எந்தச் சம்பளத்தாலும் பெற முடியாது. ஆபத்து வாயிற்கதவில் இருக்கிறது: பூட்டு கழகத்தின் கைக்குப் போனதும், எந்தக் குழுவிலும் சேராத பிள்ளைகளும், புதிதாக ஆட வரும் பெண் பிள்ளைகளும், மாலையில் நடக்க வரும் முதியவர்களும் மெல்ல வெளியே தள்ளப்படுகிறார்கள்.

அறக்கட்டளை முறைக்கு இரண்டு முன்மாதிரிகள் அடிக்கடி காட்டப்படுகின்றன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி 1980-இல் தொடங்கி, 1998 முதல் மாநகராட்சியுடன் முறையான ஒப்பந்தத்தின் கீழ் பூங்காவைப் பராமரிக்கிறது; செலவின் பெரும்பகுதியை நன்கொடையாகத் திரட்டுகிறது. வசதி படைத்தோர் சூழ்ந்து வாழும் பூங்காவுக்கு ஏற்ற இவ்வழி எளிய குடியிருப்புகளின் திடலுக்கு எட்டாது. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் 1992-இல் அமைந்த பூங்கா அறக்கட்டளைக்கு வாடகை தரும் வணிகச் சொத்துகள் மூலதனமாக வழங்கப்பட்டன. ஆண்டுதோறும் மாறும் பட்ஜெட்டை நம்பாமல், சொத்து ஈட்டும் வருமானம் பராமரிப்புக்குப் போகிறது. இரண்டில் எனக்கு இதுவே மேலானதாகத் தெரிகிறது, ஏனெனில் புல்லுக்கு வேண்டியது பெருந்தொகையைவிடத் தடைபடாத சிறுதொகை.

என் தேர்வு

பெரும்பாலான இளையோர் திடல்களுக்கு நான் பரிந்துரைப்பது நல்ல வடிகாலோடு அமைந்த இயற்கைப் புல்தான். நிலமும் வாயில் சாவியும் உள்ளாட்சியிடம் இருக்க, அன்றாடப் பராமரிப்பிலும் நேர ஒதுக்கீட்டிலும் பயனர் குழுவுக்கு எழுத்துப்பூர்வமான பங்கு வேண்டும். தேவை இதை மிஞ்சினால், எல்லாவற்றையும் மாற்றாமல், விளக்குகளோடு கூடிய சிறிய செயற்கைத் திடல் ஒன்றைப் பயிற்சிக்கென்று சேர்ப்பது நல்லது. அதன் மூலம் ஈரநாட்களில் பெரிய திடல் ஓய்வு பெறும். மணல் தரையில் செயற்கை இழைகளைத் தைத்துப் புல்லோடு கலக்கும் கலப்பினத் தரை பெரிய அரங்குகளுக்கு உரியது. அதற்கு வேண்டிய ஆட்களும் கருவிகளும் சமூகத் திடல்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஒப்பந்தத்தில் மூன்று விதிகள் எழுதப்பட வேண்டும். வார நேரத்தில் ஒரு பகுதி எந்தக் குழுவுக்கும் ஒதுக்கப்படாமல் பொதுவில் இருக்க வேண்டும். செயற்கைத் திடலின் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு, முதல் ஆண்டிலிருந்தே, மறுவிரிப்புக்கெனத் தனிக் கணக்கில் சேர வேண்டும். மண் நனைந்திருக்கும் நாளில் புல் திடலை மூடும் அதிகாரம் பராமரிப்பாளர் ஒருவரிடம் இருக்க வேண்டும். இறுதிப் போட்டி நாளானாலும், அவர் மூடிய திடலை எந்தப் பொறுப்பாளரும் திறக்க முடியாது என்பதையும் அதே விதியில் சேர்க்க வேண்டும்.