சீனப் படம் பார்க்க யாரை நம்பலாம்: கார்லிஸா, ரேன்ஸா?

ஹாங்காங், தைவான், சீனான்னு மூணு பக்கமும் படம் குவிஞ்சு கிடக்கு, எங்க ஆரம்பிக்கறதுன்னு முழிக்கறப்ப பத்திரிகை விமர்சகர்கள்ல ரெண்டு பேர் கைகொடுப்பாங்க. ஒருத்தர் டைம் பத்திரிகைல எழுதின ரிச்சர்ட் கார்லிஸ், 2015ல இறந்துட்டார். இன்னொருத்தர் சைட் அண்ட் சவுண்ட்ங்கற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகைல எழுதற டோனி ரேன்ஸ். நான் கார்லிஸ் கட்சி.

ரேன்ஸுக்கு விஷயம் தெரியும், அதுல சந்தேகமே வேண்டாம். சீனப் படங்களுக்கு சப்டைட்டில் எழுதினவர், கனடாவோட வான்கூவர் திரைப்பட விழாவுக்கு வருஷக்கணக்கா ஆசியப் படங்களைத் தேடிக் கொண்டுவந்தவர், 'இன் தி மூட் ஃபார் லவ்'ங்கற ஹாங்காங் படம் பத்தி தனிப் புத்தகமே போட்டிருக்கார்.

ஆனா நான் கார்லிஸ் பக்கம் சாயறதுக்குக் காரணம் ஒரு லிஸ்ட். கார்லிஸும், டைம்ல எழுதின இன்னொரு விமர்சகர் ரிச்சர்ட் ஷிக்கலும் சேர்ந்து 2005ல உலக சினிமாவோட சிறந்த நூறு படம்னு டைம்ல லிஸ்ட் போட்டாங்க. 'எ டச் ஆஃப் ஸென்', 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்', கேன்ஸ்ல பெரிய பரிசு வாங்கின 'ஃபேர்வெல் மை கான்குபைன்' எல்லாம் இருக்கு, அதுகளோட சரிசமமா ஜாக்கி சான் நெருப்புக் கங்கு மேல தவழ்ற 'ட்ரங்கன் மாஸ்டர் 2'வும் இருக்கு. ஆனா என்னை கார்லிஸ் பக்கம் இழுத்தது வேற, அதே லிஸ்ட்ல நம்ம 'நாயகன்' இருக்கு. சீனப் படத்தைப் பத்தி ஒரு வெள்ளைக்காரர் சொல்றது சரியா தப்பான்னு நாம எப்படிப் பார்க்கறது, நமக்கு அந்த பாஷையும் தெரியாது அந்த ஊரும் தெரியாது, ஆனா நாயகன் நமக்கு சீன் பை சீன் மனப்பாடம், அதுல பாட்டு இருக்கு, அடிதடி இருக்கு, தியேட்டர்ல விசில் பறந்த படம், அதையெல்லாம் குறையா நினைக்காம எடுத்து வச்சிருக்காங்கன்னா ஜாக்கி சான் விஷயத்துலயும் இந்த டேஸ்ட்டை நம்பலாம்னு தோணிச்சு. (காட்பாதரும் அதே லிஸ்ட்ல இருக்கு, சண்டை போடறவங்க போட்டுக்கோங்க.)

ஓட்டை இல்லாம இல்ல. தைவான் புது அலைல இருந்து, அதாவது எண்பதுகள்ல அங்க கிளம்பின புது டைரக்டர்கள் படங்கள்ல இருந்து, ஒண்ணுகூட கிடையாது, எட்வர்ட் யாங் எடுத்த 'யி யி'யே இல்லைன்னா என்ன சொல்றது! சைட் அண்ட் சவுண்ட் 2022ல எடுத்த சிறந்த படங்கள் ஓட்டெடுப்புல யாங் ஒருத்தரோட படமே ரெண்டு முதல் நூறுல வந்துச்சு. அதே அலையோட இன்னொரு டைரக்டர் ஹௌ சியாவ்-சியென் படங்க நான் பார்த்தது கம்மி, அதனால அவர் பத்தி வாதாட வரல, ஆனா தைவான் பக்கம் போறவங்க ரேன்ஸ் எழுதினதைக் கையில வச்சுக்கறது நல்லது.

மத்தவங்க 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்'ல ஆரம்பிங்க. 'எ டச் ஆஃப் ஸென்' மூணு மணி நேரப் படம், சண்டை தொடங்கவே ஒரு மணி நேரம் ஆகும், லீவு நாள்ல போடுங்க.