முட்டி வலிக்கு ஜெல் ஊசி போடப் போறீங்களா? முதல்ல பாக்ஸை காட்டச் சொல்லுங்க

அம்மாவுக்கு 68 வயசு, முட்டி தேய்மானம், மாடிப்படி ஏறணும்னா சுவத்தைப் புடிச்சுக்கிட்டுதான். வடபழனி பக்கம் ஒரு கிளினிக்ல (பேர் போடல, வக்கீல் நோட்டீஸ் வாங்க தெம்பு இல்ல) ஹையலூரானிக் ஆசிட் ஊசி (அதான் ஜெல் ஊசி) போட்டா ஆபரேஷனே வேணாம், தேய்ஞ்ச ஜவ்வு திரும்ப வளரும்னு சொன்னாங்க. நம்பிட்டோம். ஒரு முட்டிக்கு வாரம் ஒண்ணா 3 ஊசி, 45,000 ரூபா, முழுசும் அட்வான்ஸ், பில்லுன்னு ஒரு துண்டுச்சீட்டு.

எக்ஸ்ரேயை கவர்லேர்ந்து வெளிய கூட எடுக்கல. ஊசியை உள் ரூம்ல ஏத்தி கையில கொண்டு வந்தாங்க. இந்த மருந்து பெரும்பாலும் கம்பெனியிலேயே சிரிஞ்சுல அடைச்சு சீல் போட்டு வரும்னு எனக்கு அப்ப தெரியாது, பேட்ச் நம்பர் எக்ஸ்பைரி எதையும் கேக்கல, அங்கதான் கோட்டை விட்டேன்.

ரெண்டாவது ஊசி போட்ட ராத்திரி முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிடுச்சு. ஃபோன் பண்ணா "நார்மல்தான், ஐஸ் வைங்க". ரெண்டு நாள் லேசா வீங்குறது உண்டாம், சரி, ஆனா மூணாம் நாள் காய்ச்சல் அடிக்குது, இவங்க ஃபோனே எடுக்கல. ஆட்டோ புடிச்சு சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச்சுக்கு ஓடினோம். முட்டியிலேர்ந்து தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, நல்லவேளை சீழ் இல்ல.

அங்க டாக்டர் அதே எக்ஸ்ரேயைப் பாத்துட்டு கிரேடு 4, எலும்பும் எலும்பும் உரசுதும்மா, இதுக்குப் போய் ஜெல்லான்னு கேட்டாரு. அது மூட்டுக்குள்ள கிரீஸ் மாதிரி, அவ்ளோதான், சிலருக்கு சில மாசம் கேக்கும், ஜவ்வெல்லாம் வளராது. அப்புறம் உக்காந்து தேடிப் படிச்சா அமெரிக்க எலும்பு டாக்டர்கள் சங்கம் 2013லயே இதை சிபாரிசு பண்ணலன்னு எழுதியிருக்கு, இங்கிலாந்துல டாக்டர்களுக்கு சிகிச்சை வழிகாட்டி எழுதுற நைஸ் (NICE) அமைப்பும் குடுக்காதீங்கன்னுது. 2022ல பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, 100 மார்க் வலி ஸ்கேல்ல மருந்தில்லாத டம்மி ஊசியை விட வலி வெறும் 2 மார்க்தான் கூடுதலா குறைஞ்சுது. 45,000க்கு ரெண்டு மார்க்!

மீதி ஒரு ஊசிக்கு காசைத் திருப்பிக் கேட்டேன், தரல. சரி போட்ட மருந்தோட பாக்ஸையாவது காட்டுங்கன்னு நாலு நாள் நச்சரிச்சதும் வாட்ஸாப்ல ஒரு ஃபோட்டோ அனுப்பினாங்க. ரெண்டு பாக்ஸ், ரெண்டும் சீல் பிரிக்காம அப்படியே இருக்கு.